உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேனை எடைபோட சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பட்டியல் உதவுமா?

ஐஸ் ஹாக்கியில் ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள ஒரு ஜூனியர் டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரன், தொழில்முறை ஆட்டத்தில் நிலைத்து நிற்பானா என்று அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திறந்து பார்ப்பது வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பிரிவு வெளியிடும் தரவரிசைப் பட்டியலைத்தான். 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தப் பிரிவு, லீக்கின் எல்லா அணிகளுக்கும் பொதுவான சேவையாக, அந்தந்த ஆண்டு டிராஃப்ட்டுக்கு, அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, தகுதிபெறும் இளைஞர்களைப் பார்த்து, அளந்து, வரிசைப்படுத்துகிறது. பருவத் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியவர்களின் பட்டியல், ஜனவரியில் இடைக்காலப் பட்டியல், ஏப்ரலில் இறுதிப் பட்டியல் என்று படிப்படியாக வெளிவரும் இதை யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். விலைக்கு விற்கும் டிராஃப்ட் கையேடுகள் பல இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த இலவசப் பட்டியலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையே இங்கே பார்க்கப்போகிறேன். எல்லா வகை ஆட்டக்காரர்களையும் இழுத்துப் போட்டுப் பேசப் போவதில்லை. உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன் என்ற ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பட்டியலின் பலமும் பலவீனமும் அந்த இடத்தில்தான் பளிச்சென்று தெரிகின்றன.

பட்டியலின் அமைப்பு எளிமையானது. வட அமெரிக்காவில் ஆடுகிறவர்கள், ஐரோப்பாவில் ஆடுகிறவர்கள், இரு பக்கத்துக் கோல்கீப்பர்கள் என்று நான்கு பகுதிகள். வட அமெரிக்கப் பகுதியில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் இறுதிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அணி, லீக், ஆடும் இடம், உயரம், எடை. உயரம் கால் அங்குலம் வரை துல்லியமாக அச்சாகிறது. ஐந்தடி ஒன்பதே முக்கால் என்று போட்டிருந்தால் அதை ஐந்தடி பத்தாக உயர்த்திவிட மாட்டார்கள். பருவத் தொடக்கப் பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக ஏ, பி, சி என்ற எழுத்துகள்தாம். ஏ என்றால் முதல் சுற்றில் போகக்கூடியவர், பி என்றால் இரண்டாம் அல்லது மூன்றாம் சுற்று, சி அதற்கும் பின்னால். மொத்தம் ஏழு சுற்றுகளில் 224 பேர் தேர்வாகும் ஒரு நிகழ்வுக்கு இது போதுமான சலித்தெடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அளவு எடுப்பதில் உள்ள நேர்மை இந்தச் சேவையின் முதல் சிறப்பு. ஜூனியர் அணிகள் தங்கள் ஆட்டக் கையேட்டில் அச்சிடும் உயரத்தைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஆட்டத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டால் எவரும் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்துதான் நிற்பார், பையனுக்கு ஓர் அங்குலம் கூட்டிப் போடுவதால் அணிக்கு நட்டமும் இல்லை. சென்ட்ரல் ஸ்கவுட்டிங் அப்படிச் செய்வதில்லை. டிராஃப்ட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் பஃபலோ நகரில் இதே பிரிவு நடத்தும் கம்பைன் என்ற உடல் தகுதிச் சோதனையில் முன்னணி இளைஞர்களை வெறுங்காலில் நிற்கவைத்து மீண்டும் அளக்கிறார்கள். எனவே உயரமும் எடையும் தெரிய வேண்டும் என்றால் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

குறை தொடங்குவதும் இதே இடத்தில்தான். தர எண் இருக்கிறது, உயரம் இருக்கிறது, அந்த எண் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கான காரணம் மட்டும் இல்லை. ஆறடி நான்கு அங்குலப் பையன் ஒருவன் முப்பதாம் இடத்திலும், அவனைவிட இரு மடங்கு புள்ளி (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்ந்த கணக்கு) குவித்த ஐந்தடி ஒன்பது அங்குலப் பையன் தொண்ணூறாம் இடத்திலும் இருந்தால், அந்த அறுபது இடங்களில் எத்தனை உயரத்துக்கான தண்டனை, எத்தனை ஆட்டத்தில் கண்ட குறைக்கான தண்டனை என்று வாசகர் பிரித்தறிய வழியே கிடையாது. அதோடு தாக்குதல் ஆட்டக்காரர்களான ஃபார்வர்டுகளும் டிஃபென்ஸ்மேன்களும் ஒரே வரிசையில் கலந்து வருகிறார்கள். உயரம் குறைந்த ஃபார்வர்டு படும் பாடு வேறு, உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன் படும் பாடு வேறு. முன்னவர் மோதலைத் தவிர்த்துச் சுற்றிப் போகலாம். பின்னவருக்கு மோதல் தேடி வரும். என்.எச்.எல். டிஃபென்ஸ்மேன்களின் சராசரி உயரம் ஆறடி இரண்டு அங்குலத்தை ஒட்டி இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் இந்தக் கலப்படம் எவ்வளவு மறைக்கிறது என்பது புரியும்.

பட்டியலில் காணும் இடம் என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்பதைக் கண்டறியச் சிறந்த வழி, பழைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைப் பின்னோக்கிப் படிப்பதுதான். அப்படிப் படிக்கிறவர் ஜாரெட் ஸ்பர்ஜனிடம் தொடங்க வேண்டும். எட்மன்டனில் பிறந்த இவர் ஐந்தடி ஒன்பது அங்குலம். மேற்கு ஹாக்கி லீக்கின் ஸ்போக்கேன் சீஃப்ஸ் அணியில் ஆடி, 2008இல் கனடிய ஜூனியர் ஹாக்கியின் உச்சமான மெமோரியல் கோப்பையை அந்த அணி வென்றபோது உடன் இருந்தார். அதே ஆண்டு டிராஃப்ட்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் இவரை ஆறாம் சுற்றில், 156ஆம் இடத்தில் எடுத்தது. எடுத்ததே தவிர ஒப்பந்தம் போடவில்லை. அன்றைய விதிப்படி ஜூனியர் லீக்கிலிருந்து எடுக்கப்பட்டவரை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒப்பந்தம் செய்யாவிட்டால் உரிமை போய்விடும், போனது. 2010 கோடையில் மினசோட்டா வைல்ட் அணியின் பயிற்சி முகாமுக்கு ஒப்பந்தம் இல்லாமலே வந்து சேர்ந்தவர், அந்தப் பருவத்திலேயே என்.எச்.எல். பனித்தளத்தில் இறங்கினார். 2019இல் ஆண்டுக்குச் சராசரியாக 75 லட்சத்து 75 ஆயிரம் டாலர் வீதம் ஏழு ஆண்டு ஒப்பந்தம். 2021 ஜனவரியில் அணித்தலைவர். இன்று 900 ஆட்டங்களைத் தாண்டிவிட்டார்.

ஸ்பர்ஜனின் கதையை விடாமுயற்சியின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. விடாமுயற்சி செய்து வீடு திரும்பியவர்களும் ஏராளம். என் கண்ணில் படுவது வேறொரு தகவல். கண்ணியமான ஆட்டத்துக்காக வழங்கப்படும் லேடி பிங் விருதின் இறுதி மூவரில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இவர் பெயர் இருந்தது. பொதுவாக ஃபார்வர்டுகளுக்கே போகும் இந்த விருதுக்கு, நாள்தோறும் எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக இறக்கிவிடப்படும் டிஃபென்ஸ்மேன் ஒருவர் முன்மொழியப்படுகிறார் என்றால், அவர் பிடித்து இழுக்காமலும் மட்டையால் கொக்கி போடாமலும் தடுக்கிறார் என்று பொருள். உடல் சிறியதாக இருப்பவர் ஓர் அடி பின்தங்கினால் கையால் பிடிப்பதைத் தவிர வேறு வழி இராது, பெனால்ட்டி விழும், தளத்துக்கு வெளியே தண்டனைப் பெட்டியில் சில நிமிடம் உட்கார வேண்டும். பெனால்ட்டி விழவில்லை என்றால் அவர் பின்தங்கவில்லை. ஆகவே உயரம் குறைந்த ஜூனியர் டிஃபென்ஸ்மேனைப் பார்க்கும்போது அவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதற்கு முன்பே, எத்தனை முறை பிடித்து இழுத்ததற்காகவும் கொக்கி போட்டதற்காகவும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஜூனியர் லீக்குகளின் ஆட்டக் குறிப்பில் ஒவ்வொரு பெனால்ட்டியின் பெயரும் நேரமும் இருக்கும். பொறுமை இருந்தால் போதும்.

புள்ளிகளை நம்பி ஏமாந்த கதைக்கு ரயன் எல்லிஸ், ரயன் மர்ஃபி என்ற இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இருவரும் கனடிய ஜூனியர் லீக்கான ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் மின்னியவர்கள், இருவரும் உயரம் குறைவு என்ற முத்திரையோடு முதல் சுற்றிலேயே போனவர்கள். ஐந்தடி பத்து அங்குல எல்லிஸ் 2009இல் நாஷ்வில் அணிக்குப் 11ஆம் இடத்தில். வின்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணியோடு 2009, 2010 என அடுத்தடுத்து இரண்டு மெமோரியல் கோப்பைகள். ஐந்தடி பதினொன்று என்று சொல்லப்பட்ட மர்ஃபி கிச்சனர் ரேஞ்சர்ஸ் அணியிலிருந்து 2011இல் கரோலினாவுக்குப் 12ஆம் இடத்தில். மர்ஃபியின் ஸ்கேட்டிங் அந்த வயதில் பார்க்கத் தெவிட்டாதது. ஆனால் எல்லிஸ் 2017இல் என்.எச்.எல். சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதிவரை போன நாஷ்வில் அணியின் முதல் நான்கு டிஃபென்ஸ்மேன்களில் ஒருவராக வேரூன்றினார். மர்ஃபியோ கரோலினா, மினசோட்டா, நியூ ஜெர்சி ஆகிய மூன்று அணிகளிலும் சேர்த்து 200 ஆட்டங்களை எட்டாமல் ஐரோப்பாவுக்குப் போனார். காயங்களும் குறுக்கிட்டன என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அடிப்படை வேறுபாடு இதுதான்: எல்லிஸை எதிரணி முன்னணியில் இருக்கும்போதும் இறக்கலாம், தன் அணி முன்னணியில் இருக்கும்போதும் இறக்கலாம். மர்ஃபிக்கு அந்த இரண்டாவது நம்பிக்கை பயிற்சியாளர்களிடமிருந்து கடைசிவரை முழுதாகக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் தொழில்முறை அணியின் கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஆறு டிஃபென்ஸ்மேன்களை இறக்குகிறது. எதிரணியில் ஒருவர் குறையும் பவர் பிளே நேரத்தில், இன்று பெரும்பாலான அணிகள் முதல் பிரிவில் நான்கு ஃபார்வர்டுகளையும் ஒரே ஒரு டிஃபென்ஸ்மேனையும் வைக்கின்றன. அதாவது பக் எனும் ரப்பர் வட்டைப் பின்னாலிருந்து விநியோகிக்கும் நாற்காலி ஒன்றுதான். ஜூனியரில் புள்ளி மழை பொழிந்த உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன்கள் எல்லோரும் அந்த ஒரே நாற்காலிக்குத்தான் வருகிறார்கள், அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி கிடைக்காதவர் ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆட வேண்டும். அந்த இடத்துக்குப் பயிற்சியாளர்கள் விரும்புவது வலைக்கு முன்னால் ஆளைத் தள்ளக்கூடிய, ஷாட்டின் குறுக்கே விழக்கூடிய, தன் அணியில் ஒருவர் குறையும் பெனால்ட்டி கில்லில் இறக்கக்கூடிய பெரிய உடம்பை. ஆகவே உயரம் குறைந்தவருக்கு நடுத்தரமான தொழில் வாழ்க்கை என்பது மிகக் கடினம். ஒன்று மேலே போக வேண்டும், இல்லையேல் துணை லீக்கான ஏ.எச்.எல்.லிலோ ஐரோப்பாவிலோ தங்க வேண்டும். பட்டியலில் அவர்களுக்குக் கிடைக்கும் தாழ்ந்த இடத்துக்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு. சந்தை விலையாக அதைப் படித்தால் பட்டியல் சரியாகவே இருக்கிறது. ஆட்டத்தின் மதிப்பாகப் படித்தால்தான் தவறிப் போகிறது.

சரி, ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? பனித்தளத்தில் நடப்பதில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், மூலைக்குப் போன பக்கை அவன் எப்படி எடுக்கிறான் என்பதைப் பாருங்கள். எதிரணி பக்கை, தடுக்கும் அணியின் பகுதி தொடங்கும் நீலக் கோட்டைத் தாண்டி உள்ளே அடித்துவிட்டு விரட்டி வருகிறது. டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு தன் பக்கத்து மூலையை நோக்கி ஓட வேண்டும். பின்னாலிருந்து தொண்ணூறு கிலோ எடை வேகமெடுத்து வருகிறது. சாதாரண ஜூனியர் ஆட்டக்காரன் பக்கை அடைந்த பிறகுதான் தலையைத் தூக்குவான். அதற்குள் தளத்தைச் சுற்றிய பலகையோடு பலகையாக நசுங்கியிருப்பான். தேறக்கூடியவன் பக்கை அடைவதற்கு முன் ஒருமுறை இடது தோளுக்கு மேலும் ஒருமுறை வலது தோளுக்கு மேலும் திரும்பிப் பார்ப்பான், கடைசி மூன்று தப்படிகளில் ஒரு பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து விரட்டுகிறவனை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மட்டை பக்கில் படும் கணத்தில் மறுபக்கம் இடுப்பைத் திறந்து வலையின் பின்புறத்தைத் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டு வெளியே வருவான். அவனை யாரும் தொடவே மாட்டார்கள். அவன் உயரம் என்ன என்ற கேள்வியே அங்கே எழாது.

இதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காமிரா பக்கைப் பின்தொடரும். பக் வருவதற்கு முந்தைய இரண்டு வினாடி திரைக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். டொராண்டோ வட்டாரத்தில் இருக்கும் தமிழர்கள் ஒஷாவாவுக்குப் போய் ஜெனரல்ஸ் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதாக இருந்தால், நடுக்கோட்டுக்கு நேரான விலையுயர்ந்த இருக்கையை விட்டுவிட்டு மூலையை ஒட்டிய, சற்று உயரமான வரிசையில் உட்காருவதே இந்த வேலைக்கு ஏற்றது. மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் பக்கம் மாறிக்கொள்வதால், உங்களுக்கு வேண்டிய டிஃபென்ஸ்மேன் குறைந்தது ஒரு பகுதியாவது உங்கள் மூலைக்கு வந்து போவான். வலைக்கு முன்னால் அவன் ஆளைத் தள்ளிப் போராடுகிறானா, அல்லது ஆளுக்கும் பக்குக்கும் நடுவில் முன்கூட்டியே வந்து நின்று எதிரியின் மட்டையைத் தூக்கிவிடுகிறானா என்பதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். உயரம் குறைந்தவன் முதலாவதைச் செய்துகொண்டிருந்தால், ஜூனியரில் வென்றாலும் பெரியவர்களிடம் தோற்பான்.

விதிகளின் வரலாறும் இந்தக் கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது. 2004–05 பருவம் முழுவதும் தொழில் தகராறால் நின்றுபோன பிறகு, 2005இல் திரும்பி வந்த என்.எச்.எல். இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸை அனுமதித்தது, பிடிப்பதையும் கொக்கி போடுவதையும் நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினார்கள். நல்ல பாஸ் கொடுக்கக்கூடிய சிறிய டிஃபென்ஸ்மேனுக்கு இது வாசலைத் திறந்துவிட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மறுபாதியை அதிகம் பேர் சொல்வதில்லை. முன்பெல்லாம் பக்கை எடுக்க ஓடும் டிஃபென்ஸ்மேனுக்காக அவருடைய துணைவர் விரட்டுகிறவரை ஒரு கணம் மறித்து வைப்பார். இப்போது அதுவும் பெனால்ட்டி. எனவே மூலைக்கு ஓடுகிறவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிட்டது, மோதலின் வேகம் கூடிவிட்டது. புதிய விதிகள் சிறியவர்களில் வேகமானவர்களுக்கு உதவின, வேகம் இல்லாத சிறியவர்களை முன்பைவிட விரைவாக வெளியே தள்ளின. விதி மாறுவதற்கு முன்பே 1999இல் நியூ ஜெர்சிக்கு வந்த, டிராஃப்ட்டில் எவராலும் எடுக்கப்படாத ஐந்தடி பத்து அங்குல பிரையன் ரஃபால்ஸ்கி மூன்று ஸ்டான்லி கோப்பைகள் வென்றதையும் மறந்துவிடக் கூடாது. அவர் முதலில் ஐரோப்பாவில் பெரியவர்களோடு சில ஆண்டுகள் ஆடிவிட்டு, இருபத்தாறாம் வயதை நெருங்கும்போது என்.எச்.எல்.லுக்கு வந்தவர்.

கம்பைனைப் பற்றி என் குறை கடுமையானது. சைக்கிளில் ஏற்றி மூச்சு வாங்க வைக்கிறார்கள், கம்பியில் தொங்கவிட்டு எண்ணுகிறார்கள், தாவச் சொல்லி அளக்கிறார்கள். பனித்தளத்தில் ஒரு சோதனைகூடக் கிடையாது. உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன் தன் குறையை ஈடுகட்டும் ஒரே ஆயுதம் ஸ்கேட்டிங். அவனை அளக்கும் மேடையில் ஸ்கேட்டுக்கே இடமில்லை. உடலைக் கால் அங்குலம் வரை அளக்கும் அமைப்பு, திரும்பும் வேகத்தையும் பின்னோக்கிச் சறுக்கும்போது முதல் மூன்று தப்படிகளையும் அளந்து வெளியிட்டால் இந்தச் சேவையின் மதிப்பு பல மடங்கு கூடும். உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன் லேன் ஹட்சன் 2022இல் கம்பைனுக்கு வந்தபோது, தன் எலும்புகள் இன்னும் வளர வாய்ப்புண்டு என்று மருத்துவர் தந்த கடிதத்தையும் அணிகளுக்குக் காட்டினார் என்பது அப்போது பெரிதும் பேசப்பட்ட செய்தி. ஒரு பதினெட்டு வயதுப் பையன் தன் ஆட்டத்தை நிரூபிப்பதை விட்டுத் தன் எலும்பை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு இந்த அளவுகோல்கள்தாம் தள்ளின. மாண்ட்ரியால் அணி அவரை இரண்டாம் சுற்றில் 62ஆம் இடத்தில் எடுத்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே 39 ஆட்டங்களில் 48 புள்ளிகள். 2024–25இல் என்.எச்.எல்.லில் முதல் முழுப் பருவம், 66 புள்ளிகள். அதில் 60 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), 1980–81இல் லேரி மர்ஃபி அறிமுக ஆண்டு டிஃபென்ஸ்மேனாக ஏற்படுத்திய சாதனைக்குச் சமம். சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதும் வந்தது.

ஹட்சனைக் காட்டி உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று வாதிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஹட்சன் போன்றவர் பத்தாண்டுக்கு ஒருவர். அவரை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லோரும் தோல்வி. உடல் வாங்கும் அடியும் உண்மையானது. 2016இல் 47ஆம் இடத்தில் எடுக்கப்பட்டு, கொலராடோவில் நிலைபெற்ற சாமுவேல் ஜிரார், 2022இல் அணி ஸ்டான்லி கோப்பை வென்ற ஓட்டத்தின் நடுவே செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பலகையோடு மோதப்பட்டு மார்பெலும்பு முறிந்து மீதித் தொடரை இழந்தார். மேலே சொன்ன எல்லிஸ் 2021இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டு, அங்கே நான்கே ஆட்டங்களோடு இடுப்புப் பகுதிக் காயத்தால் முடங்கிப்போனார். பெரிய உடல்களும் முறிகின்றன என்பது சரிதான். ஆனாலும் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பொது மேலாளர் இதை எண்ணிப் பார்ப்பதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

பட்டியலைப் பயனுள்ளதாக்கிக்கொள்ள வாசகர் செய்யக்கூடிய ஒன்று உண்டு: பிறந்த தேதியையும் சேர்த்துப் படிப்பது. ஒரு டிராஃப்ட்டின் தகுதிக் கோடு செப்டம்பர் 15. அந்தத் தேதிக்குள் பதினெட்டு நிறைந்தவர் அந்த ஆண்டே போகலாம், செப்டம்பர் 16இல் பிறந்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே பட்டியலில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மாத வயது வித்தியாசம் உள்ள பையன்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஆகஸ்டில் பிறந்த ஐந்தடி ஒன்பது அங்குலமும், முந்தைய ஆண்டு அக்டோபரில் பிறந்த ஐந்தடி ஒன்பது அங்குலமும் ஒன்றாகா. முன்னவனுக்குக் கால் தசையும் தோளும் இனிமேல்தான் வர வேண்டும், பின்னவன் ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்டான். பட்டியலில் சமமான எண்ணுடன் இருவர் இருந்தால் நான் இளையவன் பக்கம்தான் சாய்வேன்.

வளர நேரம் என்ற இந்தப் பிரச்சினையில்தான் அண்மைக்கால மாற்றம் ஒன்று பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடுகிறவர் இருபது வயது வரை, ஒன்று என்.எச்.எல்., இல்லையேல் மீண்டும் ஜூனியர் என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது என்பது நெடுங்காலமாக இருந்துவந்த ஏற்பாடு. ஜூனியரைக் கரைத்துக் குடித்துவிட்ட, ஆனால் என்.எச்.எல். எடை இன்னும் வராத சிறிய டிஃபென்ஸ்மேனுக்கு இது மிகவும் மோசமான ஏற்பாடு. கற்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் ஓராண்டு வீணாகும். அமெரிக்கக் கல்லூரி வழியோ, ஜூனியரில் ஆடியவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. 2025–26 பருவம் முதல் அந்தக் கதவு திறந்துவிட்டது. கல்லூரி ஹாக்கியில் ஆட்டங்கள் குறைவு, உடற்பயிற்சிக்கு வாரத்தில் நாட்கள் அதிகம், எதிரே ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது வந்தவர்கள். பதினெட்டு வயதில் பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கும் ஐந்தடி ஒன்பது அங்குலப் பையனுக்கு இதைவிட நல்ல பரீட்சைக் களம் இல்லை. டோரி க்ரூக் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இப்படித்தான் வந்தார்: ஐந்தடி ஒன்பது, எந்த அணியாலும் எடுக்கப்படாதவர், 2012இல் பாஸ்டன் புருயின்ஸ் ஒப்பந்தம், மறு ஆண்டு பிளே ஆஃப் சுற்றில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் நான்கு கோல்.

இனி மதிப்பெண். அளவீட்டுப் பதிவேடாக சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பட்டியலுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். டிராஃப்ட் நாளில் யார் எந்தச் சுற்றில் போவார் என்று ஊகிப்பதற்கு நான்கு. உயரம் குறைந்த ஒரு டிஃபென்ஸ்மேன் தேறுவானா என்று முடிவுசெய்வதற்கு இரண்டு, அதுவும் வாசகர் பெனால்ட்டிக் குறிப்பையும் பிறந்த தேதியையும் தானே சேர்த்துக்கொண்டால். விலைக்கு வரும் கையேடுகளை வாங்க நினைக்கிறவர்கள், முன்மாதிரிப் பக்கம் ஒன்றை எடுத்து, சிறிய டிஃபென்ஸ்மேன் ஒருவரைப் பற்றிய பத்தியில் மூலையிலிருந்து பக்கை எடுக்கும் விதம் குறித்து ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும். இன்னும் இரண்டு அங்குலம் இருந்திருந்தால் முதல் சுற்றில் போயிருப்பான் என்ற வகை வாக்கியங்களால் பத்தி நிரம்பியிருந்தால், அந்தச் செய்தி இலவசப் பட்டியலின் உயரக் கட்டத்திலேயே இருக்கிறது.

பட்டியலில் பலரும் தாண்டிப் போகும் ஒரு கூட்டத்தையும் பார்க்கச் சொல்வேன். முந்தைய ஆண்டு யாரும் எடுக்காமல் விட்டு, பத்தொன்பது வயதில் மீண்டும் தகுதியோடு வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். அவர்களில் உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன் எவனாவது இருந்தால், அவனுக்கு வயது கூடியது ஒரு குறையாகவே பெரும்பாலோர் கண்ணில் படும். ஆனால் அந்த ஓராண்டில் அவனுடைய பயிற்சியாளர் அவனைக் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னணியைக் காக்க இறக்கத் தொடங்கியிருக்கிறாரா என்பதை ஆட்டக் காணொளியில் சரிபார்த்துக்கொள்ளலாம். இறக்கியிருக்கிறார் என்றால், ஆறாம், ஏழாம் சுற்றுகளில் செலவிட அவனைவிடப் பொருத்தமான பெயர் அந்தப் பக்கத்தில் அநேகமாக இராது.